கடித்து வளர்த்த காடு

போகிக்கு முந்தின நாள் அலங்காநல்லூர் கடைவீதியில் கரும்புக் கட்டுக்கும் மஞ்சள் கொத்துக்கும் நடுவே சாக்கை விரித்து ஆவாரம்பூவும் கண்ணுப்பிள்ளையும் விற்பார்கள். வேப்பிலையோடு சேர்த்துக் கட்டி வீட்டு நிலையிலும் தொழுவத்திலும் கிணற்றடியிலும் செருகிக் காப்புக் கட்டுவதற்கு. கரும்பும் மஞ்சளும் யாரோ நட்டு, தண்ணீர் பாய்ச்சி, உரம் போட்டு விளைவித்தவை. ஆவாரையை நட்டவர் யாருமில்லை. கண்மாய்க்கரையிலும் குன்றடிப் பொட்டலிலும் தானாக நிற்பதை விடியலில் போய் ஒடித்து வருகிறார்கள்.

தானாக நிற்கிறது என்பது பாதி உண்மைதான். அந்தப் பொட்டலில் குத்தவைத்து உட்கார்ந்து பாருங்கள். ஆவாரையைச் சுற்றிக் கொழுக்கட்டைப் புல் தரையோடு தரையாகக் கடிபட்டிருக்கும். பக்கத்தில் ஒரு வேப்பங்கன்று, நுனியை வெள்ளாடு திரும்பத் திரும்பக் கடித்ததில் மேலே போக வழியில்லாமல் பக்கவாட்டில் கிளைத்துப் புதராகியிருக்கும். ஆவாரை மட்டும் இடுப்பு உயரத்தில், இலை குறையாமல், மஞ்சளாகப் பூத்திருக்கும். மாடு அதை மோந்துவிட்டு விலகிவிடும். போட்டிக்கு வந்த செடிகளையெல்லாம் கால்நடை தின்று தீர்த்துவிட, வெயிலும் இடமும் ஆவாரைக்கு மிச்சம். ஒரு வெளியில் ஆவாரை மண்டிக் கிடந்தால் அங்கே மேய்ச்சல் அதிகம் என்று கணக்குப் போட்டுவிடலாம். அந்தக் காலத்தில் தென்னிந்தியத் தோல் ஷாப்புகள் பதனிடுவதற்கு ஆவாரம்பட்டையையே நம்பியிருந்தன. மாட்டின் தோலைப் பதப்படுத்திய பட்டையும் மாடு ஒதுக்கி வைத்ததால் கிடைத்ததுதான்.

புல்லுக்கும் மரத்துக்கும் உள்ள முக்கிய வேறுபாடு வளர்முனை எங்கே இருக்கிறது என்பதில் இருக்கிறது. மரக்கன்றுக்கு அது உச்சியில். உச்சியைக் கடித்துவிட்டால் கன்று திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நாலைந்து தடவை கடிபட்டால் சோர்ந்து போகும். புல்லுக்கு வளர்முனை மண்ணை ஒட்டி, இலை உறைகளுக்குள் பத்திரமாக இருக்கிறது. மேலே உள்ளதைத் தின்றாலும் அடியிலிருந்து நீண்டு வந்துகொண்டே இருக்கும். இதில் தின்கிற வாயின் அமைப்புக்கும் பங்கு உண்டு. மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. நாக்கால் புல்லைச் சுருட்டி இழுத்து அறுக்கும். ஆகவே ஓரிரு அங்குலம் மிச்சம் வைத்துத்தான் அதனால் மேய முடியும். செம்மறிக்கும் மேல் முன்பல் இல்லைதான்; ஆனால் பிளவுபட்ட மேலுதடு இருப்பதால் வாயை மண்ணோடு ஒட்டிவைத்து மேயும். வெள்ளாடு தலையைத் தூக்கித் தழை தேடும், வேண்டுமானால் இரண்டு காலில் நின்றும் எட்டும். மூன்றையும் ஒரே வெளியில் ஓட்டினால் மூன்று மட்டத்தில் வெட்டு விழும். அங்கே மரம் தலையெடுப்பது கஷ்டம்.

மதுரைச் சமவெளிக்கு ஆண்டுக்குச் சராசரியாக 850 மில்லிமீட்டர் அளவில் மழை உண்டு. மரம் வளரப் போதுமான மழைதான். பிறகு ஏன் சிறுமலை அடிவாரத்திலிருந்து மேலூர்க் குன்றுகள் வரை இவ்வளவு திறந்தவெளி? காடு அழிந்து எஞ்சியதுதான் இது என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். இந்தியத் தீபகற்பத்தின் புல்வெளிகள் மனிதன் வருவதற்கு வெகு காலம் முன்பே இருந்தவை, அவற்றைச் சிதைந்த காடு என்பது பிழை என்று இன்னொரு சாரார். இரண்டு கட்சியும் ஒப்புக்கொள்கிற விஷயம் ஒன்று உண்டு: இன்றைக்கு அந்த வெளி வெளியாக நீடிப்பது மேய்ச்சலால்தான்.

ஆவாரைக்கு வடக்கு ஜெர்மனியில் ஒரு சம்பந்தி உண்டு. ஹாம்பர்க், ஹானோவர், பிரேமன் ஆகிய மூன்று நகரங்களுக்கு நடுவே லூனபர்க் ஹைடே என்ற மணற்பாங்கான மேட்டுநிலம் கிடக்கிறது. அதன் உச்சியான வில்செடர் குன்றே 169 மீட்டர்தான். ஆகஸ்ட், செப்டம்பரில் அந்த வெளி முழுவதும் ஹெதர் என்ற குத்துச்செடி பூத்து ஊதா நிறமாகிவிடும். நடுநடுவே தூண் தூணாக ஜூனிப்பர் நிற்கும். ஊசி இலை குத்துவதால் அதை ஆடு தொடுவதில்லை. நம் பொட்டலில் ஆவாரைக்குக் கிடைத்த அதே சலுகை.

பார்ப்பவர்கள் ஆதிகாலத்து இயற்கை என்றே நினைப்பார்கள். சதுப்பு மண்ணில் அடுக்கடுக்காகப் புதைந்த மகரந்தம் வேறு கதை சொல்கிறது. ஓக் முதலான மரங்களின் மகரந்தம் குறைந்து ஹெதரின் மகரந்தம் கூடத் தொடங்குவது புதிய கற்காலத்திலேயே. உழவர்கள் காட்டை வெட்டினார்கள், ஆட்டை விட்டார்கள், மரம் திரும்ப வரவில்லை. அந்த வட்டாரத்து ஆடு ஹைட்ஷ்னூக்கே: சாம்பல் உடல், கறுத்த முகம், முறுக்கிய கொம்பு. ஹெதரின் நுனியையும் பிர்ச், பைன் கன்றுகளையும் கடித்தே பிழைக்கும். ஆட்டை நிறுத்திவிட்டால் ஹெதர் கிழடு தட்டிக் கட்டையாகும். பிர்ச் முளைத்து மேலேறும்.

அந்த ஊர் விவசாயிகள் இன்னொன்றும் செய்தார்கள். வெளியில் ஹெதரை வேரோடும் மேல்மண்ணோடும் பத்தை பத்தையாக வெட்டி எடுத்து வந்து ஆட்டுக்கொட்டிலில் பரப்பினார்கள். புழுக்கையும் மூத்திரமும் ஊறியபின் அதை வாரி வயலில் போட்டார்கள். பல மடங்கு வெளி, ஒரு துண்டு வயலுக்குச் சாரத்தைக் கொடுத்துக்கொண்டே இருந்தது. நூற்றாண்டுக் கணக்கில் இப்படிச் செய்ததில் வயல் மேடாகிக் கறுத்தது. வெளி மேலும் மேலும் சத்தற்றுப் போனது. ஹெதருக்கு அதுதான் வேண்டும். சத்துள்ள மண்ணில் புல் அதை அமுக்கிவிடும்.

19-ஆம் நூற்றாண்டில் இந்த ஏற்பாடு ஆட்டம் கண்டது. பெரு நாட்டுக் கடற்பறவை எச்சமும் சிலியின் வெடியுப்பும் உரமாக வந்தன. ஆஸ்திரேலியக் கம்பளி மலிவாக வந்தது. ஆட்டுக்கும் பத்தைக்கும் வேலை இல்லை. வெளியைப் பைன் தோப்பாக்கினார்கள். மிச்சத்தில் விடுமுறை வீடுகள் கட்டத் திட்டம் வந்தபோது, எகெஸ்டார்ஃப் ஊர்ப் பாதிரியார் வில்ஹெல்ம் போடே 1906-இல் ஒரு நன்கொடையாளரின் பணத்தில் டோட்டன்கிரண்ட் என்ற பள்ளத்தாக்கை விலைக்கு வாங்கிப் போட்டார். 1909-இல் இயற்கைப் பூங்காச் சங்கம் ஒன்று தொடங்கி, நிலம் நிலமாக வாங்கிச் சேர்த்தது. 1921-இல் அது பாதுகாக்கப்பட்ட பகுதியாயிற்று. இன்று சுமார் 234 சதுர கிலோமீட்டர். அதே 1909-இல்தான் ஃபிரிட்ஸ் ஹாபர் காற்றிலிருந்து அமோனியா செய்து காட்டினார். யூரியா மூட்டைக்கு முன்னோடி அது. சங்கத்துக்கும் ஹாபருக்கும் சம்பந்தமில்லை. ஆனால் அந்த வெளிக்கு இரண்டுமே விதி. இன்று கார்ப்புகையிலிருந்தும் பண்ணைகளிலிருந்தும் வருகிற நைட்ரஜன் காற்றின் வழியாக வெளியில் இறங்கி மண்ணைக் கொழுக்க வைக்கிறது. புல் ஹெதரை நெருக்குகிறது. அதனால் பாதுகாவலர்கள் எந்திரம் வைத்து மேல்மண்ணைச் சுரண்டி அகற்றுகிறார்கள். பழைய விவசாயி சம்பளமில்லாமல் செய்த வேலை.

வைகைக் கரையில் மேய்ச்சலின் வயதைச் சொல்லக் கல்லே இருக்கிறது. தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். அதில் ஒன்று கூடலூர் ஆகோளில், அதாவது மாடு கவர்ந்த சண்டையில், மாண்ட ஒருவனுக்காக நட்டது. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட கல். மாட்டுக்காக ஆள் சாகிற அளவுக்கு அங்கே மந்தை இருந்தது என்றால், மந்தை மேய வெளியும் இருந்தது என்றுதானே அர்த்தம்? கலித்தொகையின் முல்லைக்கலி ஏறு தழுவுதலைப் பாடுவதைப் பலரும் எடுத்துக்காட்டுவார்கள். எனக்கு அந்தக் கல்தான் கூடுதல் சாட்சி. அதில் கவிதை எதுவும் இல்லை, இழவு மட்டும் இருக்கிறது.

1895-இல் முல்லைப் பெரியாறு அணை கட்டி முடிந்து, மேற்கே ஓடிய தண்ணீர் வைகைக்குத் திரும்பியது. பேரணையில் பிரிகிற பெரியாறு பிரதானக் கால்வாய் வாடிப்பட்டி, அலங்காநல்லூர் பக்கமாக மேலூர் நோக்கிப் போகிறது. மானாவாரியாகக் கிடந்தது நஞ்சையாயிற்று. நெல்லும் கரும்பும் தென்னையும் வந்தன. மேய்ச்சல் வெளி சுருங்கியது. ஆனால் வயலுக்கு எரு தேவை என்பதால் மந்தைக்கு வேறொரு வழி திறந்தது. அதுதான் கிடை.

அறுவடை முடிந்து தாள் மட்டும் நிற்கிற வயலுக்குக் கிடைமாடு வரும். மந்தை நூற்றுக்கணக்கில் இருக்கும்; கூட வருகிறவர்கள் பெரும்பாலும் கோனார் வீட்டு ஆட்கள்; தலைமை கீதாரி. பகலில் தரிசு, கண்மாய் உள்வாய், மலையடி என்று மேய்த்துவிட்டு, பொழுது சாய ஒரு வயலில் மடக்கி அமர்த்துவார்கள். மறுநாள் அடுத்த வயல் துண்டு, அதற்கடுத்த நாள் அதற்கடுத்தது. வயல்காரர் ராத்திரிக்கு இவ்வளவு என்று பணமோ நெல்லோ கொடுப்பார். வெளியில் தின்ற சத்து வயலில் இறங்குகிறது. லூனபர்க் விவசாயி மண்வெட்டியாலும் வண்டியாலும் சுமந்ததை இங்கே மாடு தன் வயிற்றில் சுமக்கிறது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. மாடு வெளியேற்றுகிற தழைச்சத்தில் பாதி அளவும், சாம்பல் சத்தில் பெரும்பகுதியும் மூத்திரத்தில் போகின்றன; மணிச்சத்து சாணத்தில். தொழுவத்தில் சாணியை அள்ளிக் குப்பைக்குழியில் போடுகிறவர் மூத்திரத்தைச் சாக்கடைக்கு விட்டுவிடுகிறார். குழியில் கிடக்கிற சாணியிலிருந்தும் தழைச்சத்து அமோனியாவாகக் காற்றில் கலக்கிறது. கிடையில் இரண்டுமே நேராக வயலில் விழுகின்றன. அதனால்தான் கிடை கிளம்பியவுடனே ஏர் ஓட்டி மண்ணைப் புரட்டச் சொல்வார்கள் பெரியவர்கள். வெயிலில் காயவிட்டால் பாதி பறந்துவிடும். ஆட்டு எரு அவ்வருஷம், மாட்டு எரு மறுவருஷம் என்ற பழமொழிக்கும் விளக்கம் உண்டு. ஆட்டுப் புழுக்கையில் கரிமத்தோடு ஒப்பிட்டால் தழைச்சத்து கூடுதல். நுண்ணுயிர்கள் சீக்கிரம் சிதைத்துப் பயிருக்கு விடும். மாட்டுச் சாணத்தில் நார் அதிகம். நார் சிதையும்வரை நுண்ணுயிர்கள் தழைச்சத்தைத் தங்களுக்கே வைத்துக்கொள்ளும்.

மதுரை, சிவகங்கை வட்டாரத்துக் கிடைமாடு புலிகுளம் இனம். சிவகங்கை மாவட்டத்துப் புலிகுளம் ஊரின் பெயர் அதற்கு. நடுத்தர உடம்பு, பின்னுக்கு வளைந்த கொம்பு, நல்ல திமில். பால் கொஞ்சம்தான், கன்றுக்கே சரியாகிவிடும். தேசிய விலங்கு மரபியல் வள அமைப்பு இதைத் தனி இனமாகப் பதிவு செய்திருக்கிறது. வாடிப்பட்டி வட்டத்துக் கச்சைகட்டிக் கருப்பு ஆடும் அதே பதிவேட்டில் உண்டு. உடம்பெல்லாம் கறுப்பு, கிடாய்க்குக் கொம்பு. கிடாய் முட்டுக்குப் பேர்போன செம்மறி. ஹைட்ஷ்னூக்கே பக்கத்தில் நிறுத்தினால் அண்ணன் தம்பி என்று நினைக்கலாம். கச்சைகட்டி ஆட்டுக்குத்தான் நம்மிடம் படம் போட்ட தபால் அட்டை கிடையாது.

புலிகுளத்தின் முரட்டுத்தனம் பிறவிக்குணம் மட்டுமில்லை, வளர்ப்பும் சேர்ந்தது. மாட்டின் கண்கள் தலைக்கு இருபுறமும் இருப்பதால் ஏறத்தாழ 330 பாகை அளவுக்குச் சுற்றிலும் பார்க்கும். நேர் பின்னால்தான் குருட்டு இடம். அந்நிய ஆள் எவ்வளவு தூரத்தில் வந்தால் நகர வேண்டும் என்று ஒவ்வொரு மாட்டுக்கும் ஓர் எல்லை இருக்கிறது. கட்டுத்தறியில் கைத்தீவனம் தின்று வளர்ந்த மாட்டுக்கு அந்த எல்லை அநேகமாகக் கிடையாது. மூக்கணாங்கயிறு இல்லாமல், கீதாரியின் குரலை மட்டும் அறிந்து, கூட்டத்தோடு வெட்டவெளியில் வளர்ந்த கன்றுக்கு அது பல கஜம். அந்த எல்லைக்குள் பத்துப் பேர் ஒரேயடியாக நுழைந்தால் ஓட வேண்டும், வழி இல்லையென்றால் முட்ட வேண்டும். ஜல்லிக்கட்டில் இருட்டான வாடிவாசலுக்குள்ளிருந்து வெளிச்சத்துக்கு வருகிற காளை முதல் சில விநாடியில் செய்வது இந்தக் கணக்கைத்தான். இன்று களத்துக்கு வருகிற காளைகள் பெரும்பாலும் வீட்டில் பருத்திக்கொட்டையும் பேரீச்சம்பழமும் தின்று, நீச்சலும் மண்குத்தலும் பழகியவை. ஆனால் அவற்றில் பல கன்றாக இருக்கும்போது கிடையிலிருந்து வாங்கப்பட்டவை.

அலங்காநல்லூரில் தை 3-ஆம் நாள் ஜல்லிக்கட்டில் முதலில் அவிழ்ப்பது கோயில் காளை. அதை யாரும் பிடிப்பதில்லை. சாமிக்கு நேர்ந்துவிட்ட காளை, யார் வயலில் மேய்ந்தாலும் விரட்டக் கூடாது. பக்தியை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பார்த்தால், ஊர்ப் பசுக்கள் அத்தனைக்கும் பொதுவான பொலிகாளை அது. அதை வளர்க்கிற செலவை ஊர் முழுவதும் பங்கிட்டுக்கொண்டது. கலப்பின ஜெர்சிக்குச் சினை ஊசி போடத் தொடங்கிய பிறகு அந்த வேலை கோயில் காளையிடமிருந்து போய்விட்டது. மரியாதை மட்டும் தொடர்கிறது.

2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடைசெய்தது. 2017 ஜனவரியில் அலங்காநல்லூரிலும் மதுரைத் தமுக்கத்திலும் சென்னை மெரினாவிலும் தடையை எதிர்த்து மக்கள் ராப்பகலாக உட்கார்ந்தது எல்லோருக்கும் தெரியும். சட்டத் திருத்தம் வந்தது. 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அதை ஏற்றது. 2024 ஜனவரி 24 அன்று பக்கத்துக் கீழக்கரையில் தனி அரங்கமே திறந்தாகிவிட்டது. காளைக்கு வாசல் கிடைத்தது. காளை பிறக்கிற வெளிக்காக அப்படி யாரும் ராப்பகலாக உட்கார்ந்ததில்லை.

வருவாய்த்துறைப் பதிவேட்டில் அந்த வெளிக்குப் பெயர்கள் இருக்கின்றன: மேய்ச்சல் புறம்போக்கு, மந்தைவெளி, தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு. வெள்ளைக்காரன் நில அளவை செய்தபோது வரி வராத இடமெல்லாம் வீண் என்ற கணக்கில் எழுதியவை இவற்றில் பல. வீண் நிலம் என்று எழுதிவிட்டால் அதை எதற்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். கொடுத்தார்கள்: கல்குவாரிக்கு, மனைக்கு, அலுவலகக் கட்டடத்துக்கு, சில இடங்களில் மரம் நடும் விழாவுக்கு. கடைசியாகச் சொன்னதுதான் வேடிக்கை. புல்வெளியில் குழி தோண்டி மரம் நட்டுப் பசுமை ஆக்குகிறார்கள். தரையில் முட்டையிடுகிற ஆள்காட்டிக்கும் வானம்பாடிக்கும் அது வீடு பறிபோவது.

யாரும் குழி தோண்டாமலே வந்த மரம் சீமைக்கருவேலம். இலையை மாடு தொடாது. இனிப்பான நெற்றை விரும்பித் தின்னும். விதை செரிக்காமல் வயிற்றைக் கடந்து, மேலோடு இளகி, சாணத்தோடு விழும். எருவுக்குள்ளேயே நட்ட விதையாக முளைக்கும். ஆவாரையை வளர்த்த அதே மாடு தன் மேய்ச்சலை அழிக்கிற மரத்தையும் ஊர் ஊராக விதைத்துக்கொண்டு போனது. மண்டிய இடத்தில் புல் இல்லை. கரிமூட்டம் போடுகிறவருக்கு மட்டும் வருமானம்.

வெளி குறைந்தால் மலைக்குப் போகலாம் என்ற பழைய வழியும் இறுகிவிட்டது. தேனிப் பக்கத்து மலைமாட்டுக்காரர்களுக்கும் கிடைக்காரர்களுக்கும் மேற்குத் தொடர்ச்சி மலை கோடைக்கான புகலிடம். 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகள் அனைத்திலும் மேய்ச்சலைத் தடைசெய்து, சில நாட்களிலேயே அதைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்ற அளவுக்குக் குறைத்தது. ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை 2021-லேயே புலிகள் காப்பகமாகிவிட்டது. புலிக்குக் காடு வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அடிவாரத்துப் புறம்போக்கைத் தின்றவர்கள் யாரும் அந்த வழக்கில் கூண்டில் ஏறவில்லை என்பதுதான் உறுத்தல்.

மேலூர்ப் பக்கத்தில் ஒரு மாற்று நடந்திருக்கிறது. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் சுமார் 193 ஹெக்டேரைத் தமிழக அரசு 2022 நவம்பரில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது; மாநிலத்தில் முதலாவது. ஏழு குன்றுகள், 72 ஏரி குளங்கள், 200 ஊற்றுகள், லகர் வல்லூறு உட்பட 250 வகைப் பறவைகள் என்று அரசு கணக்குக் கொடுத்தது. சமணர் படுகையும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் குடைவரைக் கோயிலும் அதே பாறையில். 2024 நவம்பரில் ஒன்றிய அரசு நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க வட்டாரத்தை ஏலம் விட்டது. 2,015 ஹெக்டேர், இந்தத் தலத்தின் ஒரு பகுதியும் அதற்குள். மேலூர்க்காரர்கள் கடையடைத்து மதுரைக்கு நடந்தார்கள். டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தாயிற்று.

இந்தத் தலத்துக்கான விதியில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. உள்ளூர் மக்களின் வழக்கமான பயன்பாட்டுக்கு, அவர்களே விரும்பி ஏற்றுக்கொண்டாலொழிய, தடை போடக் கூடாது. ஆகவே மேய்ச்சல் தொடரலாம். லூனபர்க்கில் இதற்கு மேலேயும் போய்விட்டார்கள்; 1909-இல் தொடங்கிய சங்கமே சொந்தமாக ஹைட்ஷ்னூக்கே மந்தைகள் வைத்து மேய்ப்பர்களை அமர்த்தியிருக்கிறது. கறியும் கம்பளியும் அந்தச் செலவுக்குக் கட்டாது என்று தெரிந்தே செய்கிறார்கள். மேய்ப்பரின் கூலி அங்கே நிலப் பராமரிப்புச் செலவு.

நம்மூர்க் கணக்கு வேறு. 45 கிலோ யூரியா மூட்டை மானியம் போக 266 ரூபாய் 50 காசு. மீதியை அரசு கட்டுகிறது. கிடையின் கூலி, எத்தனை மாடு, எத்தனை ராத்திரி, சாப்பாடு யார் பொறுப்பு என்பதெல்லாம் அறுவடை முடிந்த வயல் வரப்பில் விவசாயியும் கீதாரியும் பேசி முடிப்பது. பேச்சில் யூரியா விலையும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.